உறங்கிப்போன பிராசசரை எழுப்பிய எங்கள் ‘ஏன்’ அக்காவுக்கு

பிழை கண்டால் பின்வாங்காத பெருந்தகையே! கர்னல் நிரலின் கடைக்கோடி வரி வரை கால்நோக நடந்து காவல் காத்த கண்ணியமே! குற்றம் சுட்டும்போதும் குரல் உயராத குணக்குன்றே! வந்தவர்க்கெல்லாம் வழிவிட்டு, வராத பதவிக்கு வருந்தாத வாய்மையே! எங்களுக்கெல்லாம் இளைப்பாறும் நிழலாகவும், எங்கள் திருத்தங்களுக்கெல்லாம் எமனாகவும் இருந்த ஏற்றமிகு அக்கா அவர்களே!

விளிப்பு இத்தோடு போதும். இந்நேரம் அவர் தலையைக் குனிந்துகொண்டு மேசைவிரிப்பின் ஓரத்து நூலை உருவத் தொடங்கியிருப்பார். பணிநிறைவு விழாவுக்கு மடல் எழுதப்போகிறோம் என்று நாங்கள் சொன்ன அன்றே அவர் நிபந்தனை போட்டுவிட்டார். “என்னைப் பார்த்து நீங்க நீங்கன்னு புகழ்ந்தீங்கன்னா, பாதியில எழுந்து போயிடுவேன். வேணும்னா நான் இல்லாத மாதிரி நினைச்சுப் பேசிக்கோங்க.” அக்கா போட்ட நிபந்தனையை மீறி இந்த அறையில் எவரும் பிழைத்ததில்லை. ஆகவே அவையோரே, இனி நாங்கள் உங்களோடுதான் பேசப்போகிறோம். அவர் வெளியூர் போயிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வந்திருக்கும் உறவினர்களில் பலருக்கு அக்கா என்ன வேலை பார்த்தார் என்பது இன்றுவரை தெரியாது. ‘கம்ப்யூட்டர்ல ஏதோ’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அவருடைய கொழுந்தனார் ஒருவர் வீட்டுப் பிரிண்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, “அண்ணி, இது காகிதத்தை மென்னு துப்புது, பாருங்க” என்று நீட்டிய வரலாறும் உண்டு. அவருக்காகவாவது சொல்லிவிடுகிறோம். கணினியில் கணக்குப் போடும் சில்லுக்குப் பிராசசர் என்று பெயர். அதற்கு வேலை கொடுத்து, வேலை இல்லாதபோது தூங்கவைத்து, வேலை வந்ததும் எழுப்பி மேய்க்கும் அடிமட்ட நிரலுக்குக் கர்னல் என்று பெயர். சில்லு செய்பவர்கள் புதிது புதிதாகப் பிராசசர்களை இறக்கிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோணல் இருக்கும், அது பெரும்பாலும் விற்ற பிறகுதான் தெரியவரும். அந்தக் கோணலைக் கண்டுபிடித்துக் கர்னலுக்குச் சொல்லிவைப்பதுதான் எங்கள் பிழைப்பு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் அறையின் ஜன்னலோர நாற்காலி அக்காவுடையது.

எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. பிழையைத் திருத்தியவர் தன் திருத்தத்தைக் கர்னலில் சேர்ப்பதற்கு முன் அக்காவின் மேசைக்கு முன்னால் வந்து நின்று, ஸ்கிரீனைக் காட்டாமல், வாயால் காரணம் சொல்ல வேண்டும். அவர் தலையாட்டி ஒப்புதல் போட்டால்தான் பிராசசர் பகுதியில் ஒரு வரி உள்ளே போகும்.

“சரியாயிடுச்சுக்கா.”

“ஏன்?”

“இந்த வரியை முன்னாடி நகர்த்தினேன், சரியாயிடுச்சு.”

“சரி. ஏன்?”

 வந்தவர் வந்த வழியே திரும்புவார். இந்த ஒற்றைச் சொல்லால் கண் கலங்காதவர் எங்களில் குறைவு. ஆனால் கொஞ்ச நேரத்தில் அக்கா இரண்டு கோப்பைத் தேநீரோடு அவர் இருக்கைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “எங்க, முதல்ல இருந்து சொல்லுங்க” என்பார். காரணம் கிடைக்கும் வரை எழுந்திருக்க மாட்டார். கிடைத்ததும் பெருமையை நம்மிடமே விட்டுவிட்டுப் போய்விடுவார். இப்படித்தான் அவருக்கு ‘ஏன்’ அக்கா என்று பெயர் வந்தது. பெயர் வைத்தவர் இப்போது மேனேஜராக இருக்கிறார், முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

ஆற்றல், அடக்கம், அன்பு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அடுக்கினால் அக்காவுக்குத் தூக்கம் வரும், உங்களுக்கும் வரும். அவரை முழுதாகக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றை மட்டும் சொல்கிறோம். நடந்தது இந்த ஆண்டின் தொடக்கத்தில்.

டயாலிசிஸ் மெஷின் செய்யும் நிறுவனம் ஒன்று எங்கள் கர்னலை வாங்கித் தன் மெஷின்களில் போட்டிருந்தது. சிறுநீரகம் பழுதானவரின் இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து உள்ளே அனுப்பும் மெஷின் அது. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், ஆள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். புதிய பிராசசர் வைத்த மெஷின்கள் சந்தைக்குப் போனதும் புகார் வந்தது: நடுவில் திடீரென்று மெஷின் நின்று, தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. உயிருக்கு ஆபத்து வராதபடி பம்ப் உடனே நின்றுவிடும், அலாரம் அடிக்கும், நர்ஸ் ஓடிவந்து கைப்பிடியைச் சுற்றிக் குழாயில் இருக்கும் இரத்தத்தை உடம்புக்குத் திருப்பி அனுப்புவார். ஆனால் அன்றைய சிகிச்சை அரைகுறைதான். அடிக்கடி அரைகுறையானால் கால் வீங்கும், மூச்சு வாங்கும், பிறகு என்ன ஆகும் என்பதை யாரும் வாயால் சொல்லவில்லை.

ஒரு மெஷினை எங்கள் ஆய்வறைக்கு வரவழைத்தோம். ஆளுக்குப் பதில் ஒரு வாளித் தண்ணீரைக் குழாயில் மாட்டி ஓடவிட்டோம். அறையில் இருந்த அத்தனை பேரும் அதற்குள் லாகின் செய்து, ஸ்கிரீனில் ஆளுக்கொரு ஜன்னல் திறந்து, எண்கள் ஓடுவதைக் கண்கொட்டாமல் பார்த்தோம். மெஷின் நிற்கவே இல்லை! மாமியார் வீட்டுக்கு வந்த புது மருமகன் மாதிரி அப்படி ஒரு ஒழுக்கம். சரி, நிற்கும் இடத்திலேயே பிடிப்போம் என்று, நடப்பதையெல்லாம் பதிந்துவைக்க ஒரு பிரிண்ட் வரியைக் கர்னலில் சொருகி, சோதனைக்கென்று சிறப்பு அனுமதி வாங்கி ஒரு மருத்துவமனைக்கு மட்டும் அனுப்பினோம். அங்கே இருந்த மெஷின்கள் அன்றோடு நிற்பதை நிறுத்திவிட்டன.

பதிவு செய்யப் போன வரியே மருந்தாகிவிட்டது! இப்படி ஒரு மருந்தைக் கண்டு மகிழ்ச்சியில் கேக் வெட்ட எங்கள் தொழில்காரர்களால்தான் முடியும். வெட்டினோம். ஒரு துண்டை அக்காவின் மேசையில் வைத்தோம். அவர் கேக்கைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கேட்க வேண்டியதைக் கேட்டார். 

“அக்கா, நின்னுக்கிட்டிருந்தது இப்ப நிக்கலை. அனுப்பிடலாம். ஒப்புதல் போடுங்க” என்றார் மேனேஜர்.

“பிழை போகலை. ஒளிஞ்சிக்கிச்சு. எங்க ஒளிஞ்சிருக்குன்னு தெரியாம அனுப்பினா, அடுத்த தடவை எங்க இருந்து வரும்னு நமக்குத் தெரியாது. ஒரு வாரம் குடுங்க.”

“மெஷின் கம்பெனிக்காரங்க தினமும் போன் பண்றாங்க. உங்களுக்கென்னக்கா, இந்த வருஷத்தோட வீட்டுக்குப் போயிடுவீங்க. பேச்சு கேக்கறது நான்தானே?”

 அக்கா பென்சிலை எடுத்துச் சீவத் தொடங்கினார். மேனேஜரைக் குறை சொல்லிப் பயனில்லை. அன்று அந்த நாற்காலியில் நாங்கள் யார் உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்போம். சிலர் முதுகுக்குப் பின்னால் அதைவிட மோசமாகவும் சொன்னோம். போகிற காலத்தில் பிடிவாதம் என்றோம், யாரோ நோயாளிகள் படும் பாடு இவருக்கு எங்கே தெரியப்போகிறது என்றோம்.

அக்காவின் கணவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவர் வாரம் மூன்று நாள் அதே மெஷினில்தான் படுத்திருந்தார்.

இது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்த மூன்று நாளும் அக்கா மதியத்துக்கு மேல் விடுப்பு எடுத்துக்கொண்டு போவார், முழங்கால் வலிக்குப் பயிற்சி என்று நாங்களே ஒரு காரணம் கற்பித்து வைத்திருந்தோம். ஏன் என்று கேட்கத் தெரிந்தவர் எங்கள் அறையில் ஒருவர்தான் இருந்தார். அவரே கிளம்பிப் போனபோது கேட்பதற்கு ஆள் இல்லை. தன் கணவர் படுத்திருக்கும் மெஷினின் கர்னல் எது என்பது அவருக்குத் தெரியும். பிரிண்ட் வரிக்கு ஒப்புதல் போட்டால் வெகுசீக்கிரம் அங்கே அலாரம் அடிப்பது நின்றுபோகலாம் என்பதும் தெரியும். அந்தப் பதிவுகள் மெள்ள மெள்ளச் சேர்ந்து, இடம் நிறைந்து, வேறொரு நாள் வேறொரு விதமாக மெஷின் நிற்கலாம் என்பதும் சேர்ந்தே தெரிந்திருந்தது. இத்தனையும் தெரிந்த ஒருவர் அந்த வாரம் முழுவதும் எங்களுக்கு எதிரே உட்கார்ந்து, எங்கள் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டு, பென்சில் சீவிக்கொண்டிருந்தார். அதை இப்போது நினைத்தாலும் எங்களுக்கு மனம் பொறுக்கவில்லை.

அந்த வாரத்தின் நடுவில் ஒருநாள், மருத்துவமனையில் கணவரின் கட்டிலருகே அவர் இருந்தபோது மேனேஜரின் அழைப்பு வந்தது. பேசுவதற்காக நடைவழிக்கு வந்தார். “என்னக்கா முடிவு?” என்று மேனேஜர் கேட்டு முடிப்பதற்குள் உள்ளே அலாரம் அடித்தது. போனைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினார். கணவரின் மெஷின்தான்.

“இந்தக் கைப்பிடியைப் பிடிங்கம்மா, இதே வேகத்துல சுத்துங்க, நிறுத்தாதீங்க. நான் குழாயைப் பார்க்கறேன்” என்றார் நர்ஸ்.

அக்கா சுற்றினார். கைக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது அவருடைய கணவரின் இரத்தம். நர்ஸ் சொன்ன வேகம் மாறவில்லை. கட்டிலில் இருந்தவர், “கிளட்சை மெதுவா விடு” என்று சொல்லிப் பார்த்தார். அக்கா சிரிக்கவில்லை.

எல்லாம் முடிந்து கையைத் துடைத்துக்கொண்டே நர்ஸ் அலுத்துக்கொண்டார். “சும்மா தூங்கிட்டிருந்தாரு, யாரும் ஒண்ணும் பண்ணலை, நின்னுடுச்சு. அதோ அந்தக் கடைசி பெட்ல படுத்திருக்கறவங்களோட பொண்ணு, அம்மா பக்கத்துல உக்காந்து சதா ஸ்கிரீனைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கிட்டே இருக்கும். தொடாதேன்னு திட்டித் திட்டி என் வாய்தான் வலிக்குது. ஆனா அந்த மெஷின் மட்டும் இன்னி வரைக்கும் நின்னதே இல்லை!”

அக்கா கடைசிக் கட்டிலைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

மறுநாள் காலையில் ஆய்வறைக்குள் வந்தவர், “எல்லாரும் லாகவுட் பண்ணுங்க. ஸ்கிரீன்ல இருக்கற ஜன்னல் எல்லாத்தையும் மூடுங்க. எழுந்து வெளிய வாங்க” என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கதவைச் சாத்திவிட்டு எங்களைக் கேன்டீனுக்கு ஓட்டிக்கொண்டு போனார். தேநீர் வந்தது, குடித்தோம். இன்னொன்று வந்தது, அதையும் குடித்தோம். கிரிக்கெட்டைப் பற்றிப் பேச்சு திரும்பிய நேரத்தில் நடைவழியின் கோடியிலிருந்து அலாரம் கேட்டது. வாளித் தண்ணீரோடு ஒருநாளும் நிற்காத மெஷின் முதல்முறையாக நின்றிருந்தது! கோப்பைகளைப் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டே ஓடினோம். ஒரு மெஷின் கெட்டதற்காக அப்படிக் குதித்த கூட்டத்தைக் கேன்டீன்காரர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். அக்கா மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். களைப்பு என்று நினைத்துக்கொண்டோம்.

அதன்பிறகு நடந்தது எங்கள் அறைக்குப் பழக்கமான வேலைதான். நிற்கவைக்கத் தெரிந்துவிட்டால் பிழை பாதி பிடிபட்ட மாதிரி. காரணத்தை அவர் எங்களுக்குச் சொன்ன விதத்திலேயே சொல்கிறோம். பிராசசர் வேலை இல்லாதபோது தூங்கப் போகும். போகும் முன் தனக்கு ஒரு அலாரம் வைத்துக்கொள்ளும். பழைய பிராசசர்களில் அது எவ்வளவு ஆழமாகத் தூங்கினாலும் அலாரம் ஓடிக்கொண்டிருக்கும். புதிய பிராசசரின் ஆழ்ந்த தூக்கத்தில் அலாரமும் சேர்ந்து தூங்கிவிடும். கர்னலோ பழையதன் வழக்கத்தையே இதற்கும் நம்பியது. எழுப்ப ஆளில்லாமல் பிராசசர் கிடக்க, அதைக் கண்காணிக்கத் தனியாக இருக்கும் காவல் சில்லு, அது செத்துவிட்டது என்று முடிவு கட்டி மெஷினையே ரீஸ்டார்ட் செய்தது. யாராவது ஸ்கிரீனைத் தொட்டால் அதற்கு அந்த ஆழத் தூக்கம் வராது. பிரிண்ட் வரி ஓடினாலும் வராது. நாங்கள் அத்தனை பேர் லாகின் செய்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது பாவம், அது எப்படித் தூங்கும்? நோயாளி நிம்மதியாகக் கண்ணயர்ந்து, உறவினரும் நிம்மதியாகக் கையை எடுத்தால்தான் மெஷின் நின்றது. இந்தப் பிராசசருக்கு வெளியே இருக்கும் வேறொரு கடிகாரத்தைக் கொண்டு எழுப்பு என்று கர்னலுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரே ஒரு வரி.

“அதெல்லாம் சரிக்கா. அறையை விட்டு வெளிய போகணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?” என்று மேனேஜர் கேட்டார்.

“ஆஸ்பத்திரியில பார்த்தேன்.”

“நீங்க எதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனீங்க?”

அக்கா சொன்னார். நாலே வாக்கியத்தில், பிழை அறிக்கை வாசிப்பதுபோலச் சொன்னார். மேனேஜர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “என்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கலாமேக்கா” என்றார்.

“சொல்லியிருந்தா எனக்காக அந்தப் பிரிண்ட் வரியை நீங்களே அனுப்பியிருப்பீங்க. மத்த பெட்ல இருக்கறவங்களுக்குக் காரணம் யார் தேடுவா?”

இந்த மடலைப் படிக்கச் சொன்னபோது மேனேஜர் மறுத்துவிட்டார். இந்த இடம் வந்தால் தன்னால் முடியாது என்றார். வாசிக்கும் பொறுப்பு எங்களுக்கு வந்ததன் காரணம் இதுதான்.

திருத்தம் அனுப்பியாயிற்று. ஆனால் மருத்துவக் கருவியில் நினைத்தவுடன் எதையும் மாற்றிவிட முடியாது. மெஷின் நிறுவனம் சோதித்து, அனுமதி வாங்கி, ஒவ்வொரு மருத்துவமனையாகப் போட மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் அக்கா என்ன செய்தார் என்பதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. மடலோடு சேர்த்துச் சட்டம் போட அக்காவின் புகைப்படம் வாங்க வீட்டுக்குப் போனபோது அவருடைய கணவர்தான் சொன்னார். கட்டிலருகே உட்கார்ந்து, நான்கு மணி நேரமும், ஸ்கிரீனின் காலியான ஓரத்தில் விரலால் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். உணவு வாயில் இருக்கும்போதும் இடது கை ஸ்கிரீனில். நர்ஸிடம் விஷயத்தைச் சொல்லி, துணைக்கு ஆளில்லாத நோயாளிகளின் மெஷின்களையும் நடந்து நடந்து தொட்டுவிட்டு வருவாராம். முழங்கால் வலி அப்போதுதான் உண்மையாகவே வந்தது.

கடைசியில் அந்த மருத்துவமனையிலும் புதிய கர்னல் போட்டார்கள். அன்று முதல்முறையாக அவர் விரலை எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தால்தான் திருத்தம் வேலை செய்கிறதா என்பது தெரியும். வாளித் தண்ணீரில் எத்தனையோ நாள் ஓடி நிரூபணம் ஆன திருத்தம்தான். ஆனால் குழாயில் ஓடுவது தண்ணீர் இல்லையே! எங்களையெல்லாம் அறையை விட்டு வெளியேற்றிய அக்காவின் கை, ஸ்கிரீனை நோக்கித் தானாகப் போய்க்கொண்டே இருந்ததாம்.

கட்டிலில் இருந்தவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏம்மா, இந்த வரி நீ எழுதினதுதானே?”

“ஆமாங்க.”

“ஏன்னு தெரிஞ்சுதானே எழுதின?”

“தெரிஞ்சுதான் எழுதினேன்.”

“பின்ன என்ன? நான் பஸ் ஓட்டின காலம் பூரா என் பின்னாடி ஜனங்க உக்காந்து தூங்கினாங்க. ஒருத்தராவது எழுந்து வந்து ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பார்த்தாங்களா? கையை எடு.”

அக்கா கையை எடுத்தார். மடியில் வைத்துக்கொண்டார். முதல் ஒரு மணி நேரம் ஸ்கிரீனையே பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். அவரும் இவரைப் பார்த்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு இரண்டு பேரும் மகளைப் பற்றி, வீட்டுக்குப் பூசவேண்டிய சுண்ணாம்பைப் பற்றி, சாதாரணமாகப் பேசினார்களாம். பேச்சு நடுவில் நின்றது. கணவர் திரும்பிப் பார்த்தபோது, எங்கள் அக்கா நாற்காலியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தார்.

“நான் எழுப்பலை. நாலு மணி நேரம் முடிஞ்சு மெஷின் தானா மணி அடிச்சது. அப்பவும் இவ எழுந்திருக்கலை. நர்ஸ் வந்து ஊசியைக் கழட்டிக்கிட்டே கேட்டாங்க, இதுல யாருங்க பேஷன்ட்டுன்னு” என்று அவர் சொன்னபோது, படம் வாங்கப் போன நாங்கள் படத்தை மறந்துவிட்டு வந்துவிட்டோம்.

ஆண்டு பல வாழ்க, அரும்பிணி அணுகாது வாழ்க, மனம்போல் மாண்புற வாழ்க என்று இந்த இடத்தில் எழுதுவதுதான் முறை. அத்தனையும் எழுதினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆசை அதைவிடச் சின்னது. வாரம் மூன்று நாள், அந்தக் கட்டிலருகே, அந்த நாற்காலியில், மெஷின் ஓட, அவர் கணவர் அருகில் இருக்க, எங்கள் அக்கா இன்னும் நெடுங்காலம் நிம்மதியாகக் குறட்டை விட வேண்டும்.

இங்ஙனம்,
கேட்கப்படாத போதும் காரணம் சொல்லப் பழகிவிட்ட,
பிராசசர் பிரிவின் பணியாளர்கள் அனைவரும்